நண்பனின் அறையில் நான்காம் நாள்

(வளைகுடா நாடுகளுக்குச் செல்லவிருக்கும் இளைஞர்களுக்காகவும் அவர்களுடைய பெற்றோர்களுக்காகவும் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இங்கே அமர்ந்திருக்கும் உங்களில் பலர் சபர் போவதற்குத் தயாராகிக் கொண்டிருக்கிறீர்கள். பாஸ்போர்ட் எடுத்தாகி விட்டது. ஏஜெண்டிடம் பேசியாகி விட்டது. பணம் புரட்டியாகி விட்டது. "போய் இறங்கியதும் எங்கே தங்கப் போகிறாய்?" என்று கேட்டால் மட்டும் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வருகிறது: "நம்ம கூட்டாளி ரூம் இருக்கு."

விசாவைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் உங்களுக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தக் கூட்டாளியின் ரூமைப் பற்றிச் சொல்லத்தான் யாருமில்லை. ஆகவே இன்று அதைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். சொல்ல வந்தது இதுதான்: நண்பன் தருகிற இடம் அவனுடைய பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மை அவனுக்கே தண்டனையாக மாறாமல் பார்த்துக் கொள்வது உங்கள் கடமை. விருந்து கொடுப்பவனுக்கு மட்டும்தான் ஒழுக்கம் உண்டு என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். தங்குகிறவனுக்கும் உண்டு.

அந்த ரூம் யாருடையது?

துபையில் தேரா, நாயிஃப், சத்வா பக்கம் போனவர்களுக்குத் தெரியும். போகாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓர் அறை. அதில் மேலும் கீழுமாக இரும்புக் கட்டில்கள். ஆறு பேர், எட்டுப் பேர். உங்கள் நண்பன் வாடகை கொடுப்பது அறைக்கு அல்ல, அந்தக் கட்டில்களில் ஒன்றுக்கு. 'பெட் ஸ்பேஸ்' என்று அதற்குப் பெயர். ஆறடி நீளம், மூன்றடி அகலம். அதற்குக் கீழே அவனுடைய பெட்டி. சுவரில் ஓர் ஆணி, அதில் அவனுடைய சட்டை. வெளிநாட்டில் அவனுக்குச் சொந்தம் என்று சொல்லிக் கொள்ள அவ்வளவுதான் இருக்கிறது.

நீங்கள் விமானத்தை விட்டு இறங்கியதும் அவன் என்ன செய்கிறான்? கட்டிலை உங்களுக்குக் கொடுத்து விட்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்கிறான். விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவன், பத்து மணி நேரம் நின்று விட்டு வருகிறவன், தரையில் படுக்கிறான். "பரவாயில்லை மச்சான், நீ களைப்பா வந்திருக்கே" என்கிறான். அவன் மனதார சொல்வதுதான் அது. சந்தேகமே வேண்டாம்.

அவனோடு போய்விடுகிறதா விஷயம்? அந்த அறையில் இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்களே! அவர்கள் உங்களை அழைக்கவில்லை. உங்கள் ஊரைக்கூட அவர்களில் சிலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு குளியலறைக்கு ஆறு பேர் முறை வைத்திருந்த இடத்தில் இப்போது ஏழு பேர். ஆறு பேருக்கு ஆக்கிய மெஸ் சோற்றில் இப்போது ஏழாவது தட்டு. இரவு வேலை பார்த்து விட்டுப் பகலில் தூங்குகிற ஒருவருடைய தலைமாட்டில் நீங்கள் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசிக் கொண்டிருக்கிறீர்கள். உங்கள் நண்பன் உங்களுக்குக் கொடுக்கிற விருந்தின் செலவில் ஒரு பங்கை, உங்களை அழைக்காத ஐந்து பேர் வாய் திறக்காமல் சுமக்கிறார்கள். இதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

பணக் கணக்கையும் பாருங்கள். உதாரணத்திற்குச் சொல்கிறேன். ஒருவருக்கு 1,800 திர்ஹம் சம்பளம் என்று வைத்துக் கொள்ளுங்கள். கட்டிலுக்கு 600. மெஸ்ஸுக்கு 350. போன், பஸ், சோப்பு, மருந்து எல்லாம் சேர்த்து 250. மீதி 600 திர்ஹம். அதுதான் ஊருக்குப் போகிறது. அதில்தான் உம்மாவின் மருந்து, தங்கையின் கல்யாணக் கடன், பிள்ளையின் பள்ளிக் கட்டணம். இப்போது உங்கள் மெஸ் 350-ஐயும் அவனே கட்டினால் ஊருக்கு எவ்வளவு போகும்? 250! நீங்கள் சாப்பிடுவது நண்பனின் காசு என்று நினைக்கிறீர்கள். இல்லை சகோதரர்களே, நீங்கள் கண்ணால் கண்டிராத ஒரு தாயின் மருந்துக் காசு அது.

சந்தைக்கு வழி கேட்ட விருந்தாளி

நம்முடைய வரலாற்றில் இதற்கு ஓர் அழகான முன்மாதிரி இருக்கிறது. கி.பி. 622-இல் மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தவர்கள் வீடு, வாசல், வியாபாரம் அனைத்தையும் விட்டு விட்டு வந்தவர்கள். வந்த ஒருவரையும் மதீனாவாசி ஒருவரையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். அப்படி இணைக்கப்பட்டவர்கள்தான் மக்காவின் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும், மதீனாவின் செல்வந்தர்களில் ஒருவரான சஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களும்.

சஅத் (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியைப் பிரித்துத் தர முன்வந்தார்கள். உலகத்தில் எந்த விருந்தாளிக்கும் கிடைக்காத விருந்து! அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? அவருடைய குடும்பத்திலும் பொருளிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்று துஆச் செய்து விட்டு, இந்த ஊரில் சந்தை எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்கள். கைனுகா சந்தையைக் காட்டினார்கள். அங்கே போய் நெய்யும் பாலாடைக் கட்டியும் வாங்கி விற்றார்கள். மாலையில் வெறுங்கையோடு திரும்பவில்லை. தொடர்ந்து சந்தைக்குப் போனார்கள். கொஞ்ச காலத்திலேயே சொந்த சம்பாத்தியத்திலிருந்து பொன்னை மஹராகக் கொடுத்து மணம் முடித்தார்கள். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நேற்றைய விருந்தாளி இன்று விருந்து கொடுக்கிறவர் ஆகி விட்டார்!

இந்தச் சம்பவத்தை மேடைகளில் சொல்லும்போது சஅத் (ரலி) அவர்களின் தாராளத்தோடு நிறுத்தி விடுகிறோம். மறுபாதியைப் பாருங்கள். பாதிச் செல்வத்தை மறுத்தவர் உதவியையே மறுக்கவில்லை. அவர் கேட்டது வழி. பணம் அல்ல, வழி! அந்த ஊரைத் தெரிந்தவரிடம் அந்த ஊரைப் பற்றிய விவரத்தைக் கேட்டார். நண்பனிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். எந்தத் தெருவில் எந்தக் கடை, எந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள், எந்த ஏஜெண்ட் ஏமாற்றுகிறவன், எந்த வேலைக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று கேளுங்கள். சொல்கிறவனுக்குக் காசு குறையாது. உங்களுக்கோ அது சோற்றை விடப் பெரிய உதவி.

மூன்று நாள் கணக்கு

விருந்தாளியின் உரிமை மூன்று நாள், அதற்கு மேல் வீட்டுக்காரர் செய்வது தர்மம் என்பது நபிவழி காட்டும் அளவு. அது மட்டுமல்ல. உபசரிக்க வீட்டுக்காரரிடம் ஒன்றும் இல்லாத நிலையில், அவர் சங்கடத்திற்கு ஆளாகும் அளவுக்கு அங்கேயே தங்கியிருப்பது விருந்தாளிக்கு ஆகுமானதல்ல என்றும் எச்சரிக்கை இருக்கிறது.

"மூன்று நாளில் வேலை கிடைத்து விடுமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கிடைக்காது. மூன்று மாதம் ஆனாலும் ஆகலாம். மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கிக் கொண்டு தெருவில் நில்லுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நான்காம் நாள் காலையில் உங்கள் நிலை மாறி விடுகிறது என்று சொல்ல வந்தேன். அன்று முதல் நீங்கள் விருந்தாளி அல்ல. அந்த அறையில் ஒரு பங்காளி. அன்று காலை நீங்களே வாயைத் திறந்து பேச வேண்டும். நண்பன் பேச மாட்டான், அவனுக்குக் கூச்சம்! அந்தக் கூச்சத்தைச் சாக்காக வைத்து நீங்களும் பேசாமல் இருந்து விடக் கூடாது.

என்ன பேச வேண்டும்? "மச்சான், மெஸ்ஸுக்கு என் பங்கு எவ்வளவு? இன்றிலிருந்து நான் கொடுக்கிறேன். கையில் இல்லாத மாதம் எழுதி வைத்துக் கொள், முதல் சம்பளத்தில் தருகிறேன். கட்டில் உன்னுடையது, நீ படு. தரையில் நான் படுக்கிறேன். இந்தத் தேதி வரை பார்க்கிறேன். அதற்குள் வேலை அமையவில்லை என்றால் ஊருக்குத் திரும்பி விடுகிறேன்." இவ்வளவுதான். ஐந்து நிமிடப் பேச்சு. இதைப் பேசாத காரணத்தால் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாய் வளர்ந்தவர்கள், ஊர் வந்த பின் ஒரே பள்ளிவாசலில் ஆளுக்கொரு மூலையில் தொழுது விட்டுப் போகிறார்கள். இது வேதனையான உண்மை.

பேசியதோடு கடமை முடியவில்லை. அறையில் மற்ற ஐந்து பேரிடமும் நீங்களே போய் ஸலாம் சொல்லி, இத்தனை நாள் இருப்பேன் என்று தெரிவியுங்கள். வேலையில்லாமல் இருப்பவர் நீங்கள்தானே? சமைப்பது, பாத்திரம் கழுவுவது, குளியலறையைச் சுத்தம் செய்வது ஆகியவற்றில் உங்கள் கை முதலில் போகட்டும். அவர்கள் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் குளிக்கப் போகாதீர்கள். காலையில் நீங்களும் உடுத்திக் கொண்டு வேலை தேடி வெளியே போங்கள். பகல் முழுக்கக் கட்டிலில் படுத்துக் கொண்டு செல்போனைப் பார்த்துக் கொண்டிருக்கிறவனுக்கு எந்த நண்பனும் நெடுநாள் மதிப்புக் கொடுக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அடுத்து, மிகவும் கவனமாகக் கேட்க வேண்டிய விஷயம். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு விசிட் விசாவில் போகிறவர்களுக்குப் பொதுவாக 30 நாள் அல்லது 60 நாள் கிடைக்கிறது. காலம் கடந்தால் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம் என்று 2022 அக்டோபரில் வகுக்கப்பட்டது. 60 நாள் கூடுதலாகத் தங்கினால் 3,000 திர்ஹம்! வேலை தேட வந்தவன் எங்கிருந்து கட்டுவான்? விசிட் விசாவில் வேலை செய்வதும் குற்றம். உரிய அனுமதி இல்லாமல் ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024-இல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஆகவே, "கொஞ்ச நாள் கள்ளத்தனமாகப் பார்த்துக் கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

தங்குமிடத்திற்கும் சட்டம் இருக்கிறது. வாடகை வீட்டில் உடன் தங்கும் அனைவருடைய விவரத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2022 செப்டம்பரில் துபை நிலத்துறை அறிவித்தது. 2025 ஜூனில் ரிக்கா, முரக்கபாத், சத்வா போன்ற பகுதிகளில், பலகை அடித்துப் பிரித்த அறைகள் மீது மாநகராட்சி நடவடிக்கை எடுத்தது. விசா முடிந்தவரை மறைத்து வைத்திருப்பவருக்கும் தண்டனை உண்டு. நீங்கள் பிடிபட்டால் ஊருக்கு வந்து விடுவீர்கள். உங்களுக்கு இடம் கொடுத்தவனோ பத்து வருட உழைப்பை இழந்து நிற்பான். உங்கள் விசாவின் கடைசித் தேதி உங்கள் நண்பனுடைய பாதுகாப்பின் கடைசித் தேதியும்தான்.

அமீரகத்தில் 2018-இலும் 2024-இலும் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். 2024-இல் செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். அதை நம்பி யாரும் காலம் கடத்தக் கூடாது. மன்னிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சிக்கலில் மாட்டியவர்கள் ஒளிந்து திரியாமல் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையத்தை அணுக வேண்டும்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

வியாபாரத்திற்காகப் போய் நண்பர் வீட்டில் தங்குகிற சகோதரர்களே! நண்பனின் சோற்றை விட விலை உயர்ந்தது அவனுடைய பெயர். அவன் பெயரைச் சொல்லிக் கடையில் கடனுக்குச் சரக்கு எடுக்காதீர்கள். அவன் பெயரில் சிம் வாங்காதீர்கள். அவனுடைய காசோலையைக் கேட்காதீர்கள். ஜாமீன் கையெழுத்துக் கேட்காதீர்கள்.

பணமில்லாமல் காசோலை திரும்பினாலே சிறை என்றிருந்த நிலை அமீரகத்தில் 2022 ஜனவரி 2 முதல் பெருமளவு மாறியிருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் காசோலையை வைத்து நேராக நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம். சொத்தை முடக்கலாம். பயணத் தடையும் வாங்கலாம். சரக்கெடுத்தவர் ஊருக்கு வந்து கடை திறந்து விட, கையெழுத்துப் போட்டவர் தாயின் ஜனாஸாவுக்குக் கூட வர முடியாமல் அங்கே கிடப்பது நியாயமா? நினைத்துப் பாருங்கள்.

குடும்பத்தோடு இருப்பவர் வீட்டில்

சில நண்பர்கள் குடும்பத்தோடு இருப்பார்கள். ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை. நீங்கள் ஹாலில் படுத்திருக்கும் வரையில் அந்த வீட்டுப் பெண் தண்ணீர் குடிக்க வருவதற்குக் கூட முக்காட்டைச் சரி செய்து கொண்டு வர வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் படிக்கிற இடம் ஹால். அந்த இடம் போய் விடுகிறது. ஊரில் என்றால் திண்ணை இருக்கிறது, வெளிவாசல் இருக்கிறது. ஏழாவது மாடியில் திண்ணைக்கு எங்கே போவது?

ஆகவே அப்படிப்பட்ட வீட்டில் மூன்று நாளுக்கு மேல் தங்குவதை நினைக்கவே நினைக்காதீர்கள். நண்பர் வெளியே போகும்போது நீங்களும் வெளியேறுங்கள். அவர் திரும்பிய பின் திரும்புங்கள். அந்தச் சகோதரி முகம் சுளிக்காமல் ஆக்கிப் போடுகிறார் என்பதற்காக அவருக்குச் சிரமமே இல்லை என்று எண்ணி விடாதீர்கள்.

இடம் கொடுப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும்

விடுமுறையில் வந்திருக்கும் சபராளிகளும் இங்கே இருக்கிறீர்கள். கல்யாண வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து கொண்டு, "நீ வா மாப்ளே, நான் பார்த்துக்கிறேன்" என்று பத்துப் பேரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். பெருமைக்குச் சொன்ன சொல்லை நம்பி ஒருவன் வட்டிக்கு வாங்கி டிக்கெட் எடுத்து விடுகிறான். உங்கள் அறையின் உண்மை நிலையைச் சொல்லுங்கள். சம்பளத்தின் உண்மையைச் சொல்லுங்கள். அழைப்பதற்கு முன்னால் அறைத் தோழர்களிடம் சம்மதம் கேளுங்கள். இத்தனை வாரம் முடியும், அதற்கு மேல் முடியாது என்று முதலிலேயே சொல்லி விடுங்கள். அது கஞ்சத்தனம் அல்ல, நேர்மை.

கொடுத்த பிறகு அதைச் சொல்லிக் காட்டாதீர்கள். "என் சோற்றைத் தின்றவன்தானே" என்று ஊர் டீக்கடையில் ஒரு தடவை சொன்னால் போதும், ஆறு மாதம் தரையில் படுத்துச் சம்பாதித்த நன்மையெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்து விடும்.

இந்த விருந்தோம்பல் சாதாரணமானதல்ல. 1990 ஆகஸ்ட் 2-இல் ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தபோது வேலையும் சேமிப்பும் ஒரே நாளில் போய், அம்மான் வழியாக லட்சத்திற்கும் அதிகமான இந்தியர்கள் விமானத்தில் நாடு திரும்பினார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது வேலையிழந்தவர்கள் ஊர் திரும்ப வழியில்லாமல் தவித்தார்கள். மே 7-ஆம் தேதிதான் மீட்பு விமானங்களே புறப்பட்டன. அதுவரை எத்தனையோ பேருக்குக் கூரையாக இருந்தது யாரோ ஒரு நண்பனின் அறைதான். அப்படிப்பட்ட நாளுக்காக அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். சாதாரண நாளில் நாம் அதைத் தேய்த்து விட்டால், உண்மையான ஆபத்து வரும் நாளில் எந்தக் கதவும் திறக்காது.

ஊர் என்ன செய்யலாம்?

ஏஜெண்டுக்கு ஒரு லட்சம் கொடுக்கத் தயாராக இருக்கும் பெற்றோர், இரண்டு மாதக் கட்டில் வாடகையையும் மெஸ் பணத்தையும் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புவதில்லை. அந்தச் சுமையை அங்கிருக்கும் நண்பனின் தலையில் வைக்கிறோம். இனி அப்படி அனுப்பாதீர்கள். முடியாதவர்களுக்கு ஊர் ஜமாஅத்தின் பைத்துல்மால் வட்டியில்லாக் கடன் கொடுக்கட்டும். இரண்டு மாதச் செலவு, திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணம், இரண்டையும் கணக்கிட்டுக் கொடுத்து, சம்பளம் வந்ததும் தவணையில் திருப்பி வாங்கட்டும். அந்தப் பணம் திரும்பி வந்தால்தான் அடுத்த இளைஞனுக்குப் போகும் என்பதைக் கடன் வாங்குகிறவன் மறக்கக் கூடாது.

இதற்காக அங்கே உண்டியல் குலுக்கலாம் என்று யாரும் கிளம்பி விடாதீர்கள். அனுமதியில்லாமல் நன்கொடை வசூலிப்பது அமீரகத்தில் குற்றம். 2021-இல் அதற்கென்றே சட்டம் கொண்டு வந்திருக்கிறார்கள். செய்ய வேண்டியதை நம் ஊரில், நம் கணக்குப் புத்தகத்தில், முறையாகச் செய்வோம்.

கடைசியாக இளைஞர்களுக்கு ஒன்று. இன்ஷா அல்லாஹ், உங்களுக்கு வேலை கிடைக்கும். சொந்தமாக ஒரு கட்டில் கிடைக்கும். முதல் சம்பளத்தில் ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால், எழுதி வைத்த மெஸ் கணக்கைத் தீர்த்து விடுங்கள். நண்பன், "வேண்டாம்டா" என்பான். அப்போதும் கொடுங்கள். அதற்குப் பிறகு ஒருநாள் நம் ஊர்ப் பையன் ஒருவன் பெட்டியோடு வந்து உங்கள் வாசலில் நிற்பான். மூன்று நாள் அவனை மனதார உபசரியுங்கள். நான்காம் நாள் காலை அவனுக்குப் பேசக் கூச்சமாக இருந்தால், பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.